கட்டில் கம்பி கொடுத்த வாக்குமூலம்

பொம்மைக்கு நாடி துடித்தது!

சீனியர் விரல்களை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

துடிக்கக் கூடாது. நர்சிங் மாணவிகள் ஊசி குத்திப் பழகுவதற்காகச் செய்த ரப்பர் நோயாளி அது. சுவிட்சைப் போட்டால் இருமும், முனகும், நாடிகூடத் துடிக்கும். போடாவிட்டால் வெறும் ரப்பர். இன்றைக்குப் பயிற்சிக்கூடத்தில் மின்சாரமே இல்லை. 'மின் பழுது. யாரும் உள்ளே வர வேண்டாம்' என்று வாசலில் அட்டை தொங்கியது.

ஆனால் இந்தக் கை... வெதுவெதுப்பாக இருந்தது!

போர்வையை விலக்கினாள்.

"ஐயோ... மேடம்!"

அந்த அலறல் பல்கலைக்கழகத்துச் சிற்றாலயம் வரை போயிற்று. காலை ஜெபத்தில் இருந்தவர்கள் 'ஆமென்' சொல்லாமலே ஓடி வந்தார்கள்.

கட்டிலில் கிடந்தது அவளுடைய கைடு!

ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியை. மாணவர்கள் வைத்த பெயர், கத்திரி மேடம். எழுதிக் கொடுப்பதில் பாதியை வெட்டாமல் திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை.

சீனியர் அலறியது ஒரு நொடிதான். அடுத்த நொடி அவளுக்குள் இருந்த நர்ஸ் விழித்துக்கொண்டாள். மூச்சைப் பார்த்தாள். இருந்தது... மெதுவாக. இமையைத் தூக்கிப் பார்த்தாள். தோளைத் தட்டினாள்.

"மேடம்! கண்ணைத் திறங்க மேடம்! நான்தான்!"

"ம்ம்... வெட்டு..." என்று முனகிவிட்டு மேடம் மறுபடி ஆழ்ந்துபோனார்.

தூக்க மாத்திரை! மேஜையில் பாதி குடித்த காபி. யாரோ கலந்து கொடுத்திருக்கிறார்கள்.

எதிர்க் கட்டடமே ஆஸ்பத்திரி. ஸ்ட்ரெச்சர் பறந்து வந்தது. மேடத்தைத் தூக்கிக்கொண்டு பறந்து போனது.

"உயிருக்கு ஆபத்து இல்ல சிஸ்டர்" என்றார் டூட்டி டாக்டர். "எப்ப முழிப்பாங்கன்னு மட்டும் கேக்காதீங்க."

அதைத்தான் சீனியர் கேட்க வேண்டியிருந்தது!

ஏனென்றால், இன்றைக்கு அவளுடைய வைவா, பட்டத்துக்கான கடைசி வாய்மொழித் தேர்வு.

வயது நாற்பத்திமூன்று. ஆஸ்பத்திரியில் வார்டு இன்சார்ஜ். டூட்டி முடித்து, வீட்டுக்குப் போய்ச் சமைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, மிச்சமிருந்த நேரத்தில் நர்சிங்கில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தவள். அவளோடு சேர்ந்தவர்கள் எல்லாம் முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். பின்னால் வந்தவர்களும் போய்விட்டார்கள். அதனால்தான் 'சீனியர்' என்ற பெயர் அவளுக்கு அட்டையாய் ஒட்டிக்கொண்டது. பல்கலைக்கழகம் கொடுத்த அவகாசம் இன்று மாலையோடு சரி. அலுவலகம் மூடுவதற்குள் வைவா முடிந்து கையெழுத்து ஆக வேண்டும். இல்லையென்றால் பதிவு ரத்து! ஆறு வருட உழைப்பு பஜ்ஜி மடிக்கத்தான்!

கைடு இல்லாமல் வைவா கிடையாது. அந்தக் கைடு இப்போது குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. கணவர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்.

"என்ன டாக்டர், வண்டி டாப் கியர்ல போகுதா?"

"ஏங்க... எங்க கைடை யாரோ மயக்கம் போட வெச்சுட்டாங்க..."

"கடைசியில நீயே பண்ணிட்டியா!"

"விளையாடாதீங்க! போலீஸ் வந்திருக்கு!"

"நான் வரட்டுமா?"

"வேண்டாம். பெரியவளுக்குச் சாப்பாடு கட்டுங்க. சின்னவன் ஒரு கால் ஷூவைத் தேடிட்டிருப்பான், கண்டுபிடிச்சுக் குடுங்க."

"அதுக்கு போலீஸே தேவலையே!"

*

இன்ஸ்பெக்டர் இரட்டை நாடி ஆள். முந்தின நாள் பந்தோபஸ்து டூட்டியில் தூக்கம் போயிருந்தது. கொட்டாவிகளுக்கு நடுவில் கேள்வி கேட்டார்.

"காலையிலேருந்து இந்தக் கட்டடத்துக்குள்ள யார் யார் இருந்தீங்க?"

"மேடம், நான், டீன் மேடம், அப்புறம் வாட்ச்மேன். ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் ஜெபத்துல இருந்தாங்க சார்."

"உள்ள வரக் கூடாதுன்னு அட்டை தொங்குது. நீங்க எதுக்கு வந்தீங்க?"

"வைவாவுல கட்டிலை இயக்கிக் காட்டணும். ஒரு தடவை ஒத்திகை பாக்கலாம்னு வந்தேன். கட்டிலுக்குக் கரண்ட் எதுக்கு சார்?"

"நேத்து உங்களுக்கும் உங்க கைடுக்கும் சண்டையாமே?"

"சண்டை இல்ல சார். அவங்க கத்தினாங்க, நான் கேட்டுக்கிட்டேன். ஆறு வருஷமா அப்படித்தான்."

"ஆறு வருஷமா கோபத்தை அடக்கி வெச்சிருக்கீங்க!"

"ஆராய்ச்சி பண்ற யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சார் சொல்வாங்க. அத்தனை பேரையும் புடிச்சா உங்க லாக்கப் தாங்காது."

டீன் மேடம் குறுக்கே வந்தார். வெள்ளைச் சேலை. தேன் ஒழுகும் குரல். கல்லூரியில் பூச்செடி பட்டுப்போனால்கூட நின்று ஜெபிப்பவர்.

"இன்ஸ்பெக்டர், இவ நல்ல பிள்ளை. ஆனா மனுஷ மனசுதானே... ஒரு நிமிஷம் எல்லாரும் கண்ணை மூடிக்குவோம்."

மூடிக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் கொஞ்சம் கூடுதலாகவே மூடிக்கொண்டார்.

"ஆண்டவரே, இந்தக் காரியத்தைச் செய்த கையை இன்றைக்கே எங்கள் கண்முன் காட்டும்! ஆமென்!"

இன்ஸ்பெக்டர் திடுக்கிட்டு விழித்தார்.

"அப்ப... சிஸ்டர், நீங்க ஸ்டேஷன் வரைக்கும் வரணும்."

ஸ்டேஷனுக்குப் போனால் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பட்டம் போச்சு!

சுற்றுமுற்றும் பார்த்தாள். மேடம் கிடந்த கட்டில் கண்ணில் பட்டது. நோயாளி உருண்டு விழாதபடி கட்டிலின் இரண்டு ஓரத்திலும் ஏற்றி இறக்குகிற கம்பி உண்டே, வார்டு பாஷையில் சைடு ரெயில்... அதில் ஒன்று கீழே இறங்கிக் கிடந்தது!

"சார்! இதைச் செஞ்சது நர்ஸே இல்ல!"

"எப்படிச் சொல்றீங்க?"

"அந்தக் கம்பியைப் பாருங்க. நான் போர்வையை விலக்கினப்பவே இறங்கித்தான் கிடந்தது. மயக்கத்துல இருக்கற ஆளைப் படுக்க வெச்சா கம்பியை ஏத்தாம எந்த நர்ஸும் நகர மாட்டா. அது யோசிச்சுச் செய்யற வேலை இல்ல சார். கொட்டாவி விட்டா வாயைப் பொத்தற மாதிரி, கை தானாப் போகும்."

"கொல்ல வந்தவகூடவா?"

"கழுத்தை நெரிச்சுட்டுக் கம்பியை ஏத்திட்டுத்தான் போவா!"

இன்ஸ்பெக்டர் டீனைப் பார்த்தார்.

"உண்மையா மேடம்?"

"நூத்துக்கு நூறு உண்மை!" டீன் மேடத்தின் முகம் மலர்ந்தது. "நான் டீனாகி, வார்டை விட்டே எத்தனையோ காலமாச்சு. இப்பவும் வீட்டுல பேரன் படுத்தா ரெண்டு பக்கமும் தலகாணி வெச்சுட்டுத்தான் நகருவேன்."

"அப்ப உள்ள இருந்தவங்கள்ல நர்ஸ் இல்லாத ஆள்..."

எல்லாத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பின.

வாட்ச்மேன்!

"ஐயா! எனக்குக் காபி குடிக்கத்தான் தெரியும், போடத் தெரியாதுய்யா!"

"அதெல்லாம் ஜீப்ல ஏறிப் பேசலாம், வா!"

"பொறுங்க."

புதுக் குரல். கதவோரம் ஒரு பெரியவர் நின்றிருந்தார். கையில் சீனியரின் ஆராய்ச்சிப் புத்தகம். வாயில் பெப்பர்மின்ட். வைவா நடத்த இன்னொரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கும் வெளித் தேர்வாளர். அவரும் ஒரு காலத்தில் வார்டில் ஓடிய நர்ஸ்தான்.

"சிஸ்டர், ஒரு சின்ன சந்தேகம். உங்க தீசிஸ் எதைப் பத்தி?"

"கட்டில்லேருந்து நோயாளிங்க விழறதைப் பத்தி சார்."

"அதுல என்ன கண்டுபிடிச்சீங்க?"

சீனியரின் கண் இறங்கிக் கிடந்த கம்பிக்குப் போயிற்று.



"சொல்லுங்க. ராத்திரியெல்லாம் படிச்சுட்டு வந்திருக்கேன்."

"இந்த... இந்த மாடல் கட்டில்ல பூட்டு சரியில்ல சார். கம்பியை ஏத்திப் பூட்டினாலும், ஆள் அசையாமப் படுத்திருந்தாலும்... கொஞ்ச நேரத்துல சத்தமில்லாம தானா இறங்கிடும்."

"தானா இறங்கிடும்!" பெரியவர் பெப்பர்மின்ட்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "இப்ப இன்ஸ்பெக்டர்கிட்ட என்ன சொன்னீங்க? கம்பி இறங்கிக் கிடந்தா யாரோ ஏத்தாம விட்டாங்கன்னு அர்த்தம்னு சொன்னீங்க. அப்ப உங்க ஆராய்ச்சி தப்பா?"



ஆராய்ச்சி சரியென்றால், கம்பியை ஏற்றிவிட்டுப் போனது ஒரு நர்ஸாகவும் இருக்கலாம். சந்தேகம் அவள் தலையில்! ஆராய்ச்சி தப்பென்றால், அவள் தப்பித்தாள். வாட்ச்மேன் மாட்டினான். பட்டம் அம்போ!

"தப்புன்னு ஒத்துக்கோம்மா" என்றார் டீன் மேடம், அவள் தோளை வருடியபடி. "பட்டம் என்ன பெரிய பட்டம்? ஜெயிலுக்குப் போகாம இருந்தாப் போதாதா? பிள்ளைங்க இருக்கே..."

சீனியர் வாட்ச்மேனைப் பார்த்தாள். அவன் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றான். வார்டில் விழுந்த நோயாளிகள் நினைவுக்கு வந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்த ஒரு அம்மா... 'நான் அசையவே இல்லை கண்ணு' என்று அழுதவள். அந்த அம்மா சொன்னதை நம்பியது இவள் ஒருத்திதான். அங்கேதான் இந்த ஆராய்ச்சியே தொடங்கியது.

"இல்ல சார்" என்றாள். "என் ஆராய்ச்சி சரி. நான் இப்ப பயத்துல உளறினதுதான் தப்பு. கம்பியை ஏத்திட்டுப் போனது ஒரு நர்ஸாவும் இருக்கலாம். வாட்ச்மேனை விட்டுடுங்க."

இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்தார்.

"ஏம்மா, தப்பிச்சு ஓடின ஆளுங்களைத் துரத்திப் புடிச்சிருக்கேன். தப்பிச்சுட்டுத் திரும்பி வந்து மாட்டிக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்!"

"ஸ்டேஷனுக்கு வர்றேன் சார். அதுக்கு முன்னாடி இதை நிரூபிச்சுடறேன். யாராவது ஒருத்தர் கட்டில்ல படுங்க. கனமான ஆளா இருந்தா நல்லது."

எல்லோரும் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்கள்.

"என்னையா? நான் யூனிஃபார்ம்ல இருக்கேன்!"

"பூட்ஸை மட்டும் கழட்டிடுங்க சார்" என்றார் பெரியவர். "இது வைவா. நான் உத்தரவு போடறேன்."

இன்ஸ்பெக்டர் முணுமுணுத்தபடி ஏறிப் படுத்தார். மெத்தை மெத்தென்று இருந்தது. முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது.

சீனியர் கம்பியைத் தூக்கினாள். 'க்ளிக்'. ஆட்டிக் காட்டினாள். உறுதியாக நின்றது.

"எல்லாரும் பாத்துக்கிட்டீங்களா? இனி யாரும் தொடாதீங்க."

காத்திருந்தார்கள்.

"ஒண்ணும் ஆகலையேம்மா" என்றார் டீன் மேடம். அவர் கட்டிலை ஒட்டி நின்றிருந்தார். "இந்தக் கட்டிலை நான் தொட்டதுகூடக் கிடையாது. ஆனா ஆஸ்பத்திரி முழுக்க இதையே வாங்கப் போறாங்க. சும்மாவா வாங்குவாங்க?"

"கொர்ர்ர்..."

இன்ஸ்பெக்டர்தான். நன்றாகவே தூங்கிவிட்டார்!

கம்பி நின்றது... நின்றது... பிறகு, வெட்கப்பட்ட மணப்பெண் தலைகுனிவதுபோல மெல்லக் கீழே இறங்கியது. சத்தமே இல்லை.

அதே நேரம் இன்ஸ்பெக்டர் தூக்கத்தில் சௌகரியமாக ஒருக்களித்துப் புரண்டார்!

வெறும் ஓரம் பக்கமாக!

"ஐயோ!"

கத்தியது டீன் மேடம். அவர் கை மின்னலாகப் பாய்ந்தது. ஒரு கை இன்ஸ்பெக்டரின் தோளைத் தாங்கியது. மறு கை கம்பியை மேலே தூக்கியது, உள்பக்கமாகச் சாய்த்தது... சேலைக்குள்ளிருந்து முழங்கால் பூட்டின்மேல் 'டொக்' என்று ஒரு இடி கொடுத்தது!

கம்பி கல்லாய் நின்றது.

பெரியவர் கைதட்டினார். "அடேயப்பா! வார்டை விட்டு எத்தனையோ காலமானாலும் கை மறக்கலையே!"

ஆனால் சீனியர் கைதட்டவில்லை. டீன் மேடத்தின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம்... கம்பியை ஏத்தினது நர்ஸ் புத்தி. அது சரி. அந்த முழங்கால் இடி?"

"எந்த இடி?"

"சாய்ச்சு, பூட்டு மேல ஒரு இடி குடுத்தீங்களே. அப்படிக் குடுத்தா பூட்டு கொஞ்ச நேரம் தாங்கும். எந்த நர்ஸுக்கும் இது தெரியாது. கட்டில் கம்பெனி மெக்கானிக் ஒருத்தர் வேலையை விட்டுப் போறப்ப என்கிட்ட மட்டும் சொன்னது. விக்க வர்றப்ப கம்பி இறங்கிடக் கூடாதுன்னு கம்பெனிக்காரங்க செய்யற தந்திரம். தொட்டதே இல்லைன்னு சொன்ன கட்டில்ல உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அது... எங்க மாப்பிள்ளை காட்டினது..."

சொன்ன வாயை டீன் மேடம் கையால் பொத்தினார். காலம் கடந்துவிட்டது!

"எந்த மாப்பிள்ளை?" என்றார் பெரியவர் சாவகாசமாக.

"ஐயா, அவங்க பெரிய பொண்ணைக் கட்டினவரு" என்றான் வாட்ச்மேன். தொப்பி தலைக்குத் திரும்பியிருந்தது. "கட்டில் கம்பெனி ஏஜென்ட். வாராவாரம் வருவாரு. ஒரு சலாம் வெச்சா திருப்பி வெக்க மாட்டாரு."

இன்ஸ்பெக்டர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"நான் எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் படுத்திருந்தேன்."

குறட்டையோடு கேட்கிற ஆளை யாரும் அதுவரை பார்த்ததில்லை.

டீன் மேடம் ஸ்டூலில் உட்கார்ந்தார். தேன் வற்றிப்போயிருந்தது.

"கொல்லணும்னு சத்தியமா நினைக்கலை. சாயங்காலம் வரைக்கும் தூங்கினாப் போதும்... வைவா நடக்காது, இந்த தீசிஸ் செல்லாது, மாப்பிள்ளை வியாபாரம் நிக்காது. 'பரிசோதனை பண்ணிப் பாத்தாச்சு, கட்டில் பிரமாதம்'னு நான்தான் எழுதிக் குடுத்திருந்தேன். இது வெளிய வந்தா என் பேரும் சேர்ந்து நாறும். காபி குடுத்தேன். அவ தலை சாஞ்சதும் பொம்மையை அலமாரிக்குள்ள தள்ளிட்டு அவளைப் படுக்க வெச்சேன். மெயின் சுவிட்சை அணைச்சேன். அட்டையை மாட்டினேன். மூச்சு அடைச்சுக்கக் கூடாதேன்னு தலையை ஒரு பக்கமாத் திருப்பி வெச்சேன்..."

"கம்பி?"

"ஏத்தி, ஒரு இடியும் குடுத்துட்டுத்தான் போனேன்" என்று அழுதார். "ஏத்தாம எப்படிம்மா போறது? விழுந்துடுவாளே!"

அவருடைய ஜெபம் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கேட்கப்பட்டுவிட்டது.

"யூ ஆர் அண்டர் அரெஸ்ட்!" என்று கம்பீரமாகச் சொல்லிக்கொண்டே இன்ஸ்பெக்டர் எழுந்தார். எழுவதற்குப் பிடிமானமாகப் பக்கக் கம்பியில் மொத்த எடையையும் சாய்த்தார்.

கம்பி இறங்கியது.

தடால்!

*

ஆஸ்பத்திரி வார்டு. மாலை வெயில் ஜன்னல் வழியே கட்டிலில் விழுந்திருந்தது. கத்திரி மேடம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் பாதி மூடியிருந்தது. அருகில் வெளித் தேர்வாளர். எதிரில் ஸ்டூலில் சீனியர். அடுத்த கட்டிலில் நெற்றியில் கட்டோடு இன்ஸ்பெக்டர். வாசலில் கணவர், ஒரு கையில் சின்னவன், மறு கையில் சின்னவனின் ஒற்றை ஷூ.

அலுவலகம் மூடுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"என் கேள்வி எல்லாம் காலையிலேயே முடிஞ்சுது" என்றார் பெரியவர். "இவ்வளவு தைரியமா தன் முடிவுல நின்ன மாணவியை நான் பார்த்ததில்லை. பட்டம் கொடுக்கலாம்னு எழுதிட்டேன். நீங்க கையெழுத்துப் போட்டாச் சரி மேடம்."

பேனாவை நீட்டினார்.

மேடம் வாங்கவில்லை. இமைகள் மூடிக்கொண்டன.

"மேடம்!" சீனியர் எழுந்தே விட்டாள். "மேடம், தூங்கிடாதீங்க! கொஞ்சம்... கொஞ்ச நேரம் மட்டும்!"



"கிளட்சை விடாதே, மெதுவா... மெதுவா..." என்று வாசலிலிருந்து கணவர் முணுமுணுத்தார், யாருக்கென்று தெரியாமல்.

"நான் முடியாதுன்னு சொன்னா?"

மூடிய கண்ணோடு மேடம் கேட்டார்.

"என்ன மேடம்?"

"முடியாதுன்னா என்ன பண்ணுவே? அழுவியா?"

ஆறு வருடத்தில் முதல்முறையாக அவளுக்குக் குரல் எழும்பியது.

"அழ மாட்டேன் மேடம். புதுசாப் பதிஞ்சு, முதல்லேருந்து எழுதுவேன். அதுக்கும் நீங்கதான் கைடா வரணும். விட மாட்டேன்!"

மேடம் கண்ணைத் திறந்தார். படக்கென்று பேனாவைப் பிடுங்கினார்.

"வேண்டாம் தாயே! இன்னொரு ஆறு வருஷம் உன்னோட எழுத்தைப் படிக்கறதுக்கு நான் அந்தக் காபியையே குடிச்சுடலாம்!"

கையெழுத்து விழுந்தது!

கணவர் ஷூவை உயரத் தூக்கி வீசினார். பெரியவர் அதைத் தலையில் வாங்கிக்கொண்டு காகிதத்தோடு அலுவலகத்துக்கு ஓடினார். சீனியர், அழ மாட்டேன் என்று சொன்னதற்கு நேர்மாறாக, விக்கி விக்கி அழுதாள்.

"நன்றி மேடம்... ரொம்ப நன்றி..."

"இரு, டாக்டர்" என்றார் மேடம்.

டாக்டர்! மேடத்தின் வாயால்! சீனியருக்குப் புல்லரித்தது.

மேடத்தின் பார்வை மெல்ல நகர்ந்து, அடுத்த கட்டிலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்த இன்ஸ்பெக்டர்மேல் நின்றது. உதடு பிதுங்கியது.

"ஒரே ஒரு ஆள் விழுந்ததை வெச்சா எல்லாருக்கும் நிரூபிச்சே? என்ன ஆராய்ச்சி இது! வெளிய ரெண்டு கான்ஸ்டபிள் சும்மாத்தானே நிக்கறாங்க... அவங்களையும் படுக்க வெச்சிருக்கக் கூடாதா?"